மூன்று புள்ளி நாலு

ஜூன் 9

அக்காவுக்கு,

பதினோரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழிக்கத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி.

நாலு தடவை போன் பண்ணினேன். ஐந்தாவது தடவை உன் பக்கத்து வீட்டு வாத்தியார் எடுத்தார். "அக்கா இங்கதான் உக்காந்திருக்காங்க. பேச மாட்டாங்களாம், எழுதச் சொல்றாங்க. பேச விட்டா நீங்க ஆளையே வித்துடுவீங்களாம்" என்றார். மனுஷனுக்கு அதைச் சொல்வதில் ஒரு சந்தோஷம். சரி, எழுதுகிறேன். விலைப்பட்டியல் தவிர வேறு எதையும் எழுதிப் பல காலம் ஆகிறது.

போன வாரம் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் கூரைத் தகரம் வாங்க என் கடைக்கு வந்தார். கையில் சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டினார். நம் தீவு. நிலஅளவைக்காரர்கள் அந்த வருஷம் வந்து அளந்து போட்டார்களே, அதே வரைபடம். மடிப்புகளுக்குப் பின்னால் துணி ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் யாரோ டம்ளர் வைத்த கறை. சொன்ன விலைக்கே வாங்கிவிட்டேன். என் வீட்டுக்காரி கையை நெற்றியில் வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் காயல், நடுவில் நம் மணல்திட்டு, யாரோ தோலுரித்துப் போட்ட பாம்பு மாதிரி நீளமாக. வீட்டுக்கு ஒரு கறுப்புக் கட்டம். எண்ணினேன், அறுபத்து மூன்று. நம் வீடு எறும்புத் தலை அளவு. அதற்கு வடக்கே மீனுக்கு ஐஸ் வைக்கிற ஐஸ் வீடு, அப்புறம் கயிறு திரிக்கிறவர் வீடு, அப்புறம் நாம் மதியத்தில் ஓடிப் போய்க் குளிக்கிற கிணறு. கிணறுகளுக்கு நீல வட்டம் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையைக்கூடப் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறார்கள். நாம் தினம் நடந்து உண்டாக்கின பாதை, அச்சில் வந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது தொண்டையில் என்னவோ அடைத்தது. கடையில் ஆள் இருந்ததால் இருமினேன்.

இப்போது அந்த அறுபத்து மூன்றில் எத்தனை நிற்கிறது என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். புயல் வீசும் காற்றுக் காலத்துக்கு முன்னால் எல்லாரும் தீவைக் காலி பண்ணக் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம், உன் பக்கத்து மூன்று வீடுகள் மட்டும் போடவில்லையாம். படகோட்டி சொன்னான். அக்கா, இங்கே மாடியில் அறை காலியாக இருக்கிறது. காற்றோட்டம் நன்றாக இருக்கும். வந்துவிடு.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

ஐஸ் வீடு வடக்கே இல்லை, தெற்கே. உன்னுடைய வரைபடத்தைத் திருப்பிப் பிடி.

நல்லா எழுதியிருக்கிறாய். பாம்பு, எறும்பு, தொண்டை அடைப்பு. கடைசி நாலு வரிக்காகத்தான் முன்னால் அவ்வளவும் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயசில் என்னிடம் சைக்கிள் கேட்கும்போதும் முதலில் என் தலைமுடி நீளமாக இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பாய்.

என் வீட்டுக்காரர் இறந்து மூன்றாம் மாதம் பத்திரத்தோடு வந்து நின்றாய். "ஹோட்டல்காரன் கேக்குறான்க்கா, நல்ல ஆளு, வித்துட்டு எங்கூட வந்துரு." அன்று உன்னை வாசலோடு அனுப்பினேன். இன்று ஹோட்டல்காரனுக்குப் பதில் புயலைக் கூட்டிக்கொண்டு வருகிறாய்.

உன் வரைபடம் என்னிடமும் இருக்கிறது. அது அச்சான வருஷமே வந்தது, அன்றிலிருந்து பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டுதான் தீவைக் காலி பண்ண வந்த அதிகாரியிடம் போனேன். அவர்கள் விதி என்ன? கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே இருக்கிற வீடெல்லாம் போக வேண்டும், மேலே இருப்பவர்கள் விருப்பம். தீவு முழுக்க மேலே இருப்பது ஒரே இடம். பழுப்புக் கோட்டில் ஒரு சின்ன வட்டம், முட்டை மாதிரி. நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் மூன்று புள்ளி நாலு. அந்த வட்டத்துக்குள் மூன்று வீடு. நான், வாத்தியார், இன்ஜின் பழுது பார்க்கும் டீசல்காரர். அதிகாரி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். "சரிம்மா, உங்க இஷ்டம்" என்றார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் தண்ணீர் ஏறியபோது என் இரண்டாவது படியோடு நின்றது. மற்ற வீடுகளில் பானை மிதந்தது. உன் அத்தான் படியில் உட்கார்ந்துகொண்டு "மேடுன்னா மேடுதான்" என்றார். அதனால் எனக்கு உன் மாடி வேண்டாம்.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

திருப்பிப் பிடித்தேன். ஐஸ் வீடு தெற்கேதான்.

ஆனால் அந்த முட்டையை நம்பாதே. நாற்பத்து நாலு வருஷத்துக்கு முந்தின அளவு. மணல் ஒரே இடத்தில் இருக்கிற சாமான் இல்லை. கடல் பக்கம் அரிக்கும், காயல் பக்கம் கொட்டும். திட்டே மெல்ல மெல்லக் கரையைப் பார்த்து நகர்கிறது என்று நீயே சொல்வாய். கடல் பக்கத்தில் இரண்டு வரிசை வீடு போனது உன் கண் முன்னால்தானே? இவ்வளவும் மாறின இடத்தில் ஒரு எண் மட்டும் மாறாமல் இருக்குமா?

கையெழுத்துப் போடு. என் வீட்டுக்கு வர வேண்டாம், வேறு இடம் பார்த்துத் தருகிறேன். காற்றுக் காலம் அக்டோபரில் தொடங்குகிறது.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

அரிப்பது கடல் பக்கம். என் வீடு காயல் பக்கம். இங்கே மணல் ஏறத்தான் ஏறுகிறது. வாசலைப் பெருக்குகிறவள் நான், எனக்குத் தெரியும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன்னைப் பேச விடாமல் எழுதச் சொன்னதில் இது ஒரு வசதி. "அந்த முட்டையை நம்பாதே" என்று முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடியிருக்கிறாய். சரக்கில் குறை தெரிந்த வியாபாரி பேசுகிற மாதிரி இருக்கிறது. உனக்கு என்ன தெரியும்? அதை எழுது. இல்லாவிட்டால் இனி எழுதாதே.

வாத்தியாரும் இதையே கேட்கிறார். "உங்க தம்பி சும்மா எதையும் சொல்ற ஆளில்லையே. என்ன லாபம்னு பாருங்க" என்றார்.

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

லாபம் ஒன்றும் இல்லை. சொல்கிறேன்.

அளவைக்காரர்கள் வந்தபோது எனக்குப் பதினேழு வயசு, ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட லீவில் என்னை அளவுக்கோல் பிடிக்கச் சேர்த்துக்கொண்டார்கள். நாலு மீட்டர் மரக்கோல், சிவப்பும் கறுப்புமாக எண் போட்டது. நான் ஒவ்வொரு இடமாகப் போய் நட்டு நிறுத்துவேன். மட்டக்காரர் தூரத்தில் முக்காலிக் கருவியில் கண்ணை வைத்துக் கோலில் எந்த எண் தெரிகிறது என்று படிப்பார். அவர்களில் பெரியவர் நோட்டில் எழுதுவார். அதிலிருந்துதான் தரை எவ்வளவு உயரம் என்று வரும். கோலின் அடி தரையில் இருக்க வேண்டும். வேலை முழுக்க அந்த ஒரு விதியில்தான் நிற்கிறது.

மதியம் ஆகிவிட்டது. வலை காயப் போடுகிற முற்றத்துக்குப் பின்னால் கோலை நிறுத்தச் சொன்னார்கள். நடுவில் முள்புதர், கோல் தெரியவில்லை. மட்டக்காரர் கையை ஆட்டிக் கிளையை வெட்டச் சொன்னார். அரிவாள் படகுத்துறையில் இருந்தது. போய் வரக் கால் மணி நேரம். எனக்குப் பசி. பக்கத்தில் ஒரு படகைக் கவிழ்த்துக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் ஏறினேன். படகின் முதுகில் கோலை வைத்து நிறுத்தினேன். புதருக்கு மேலே கோல் தெரிந்தது. மட்டக்காரர் கட்டைவிரலைக் காட்டினார். அவர் கண்ணாடியில் கோலின் ஒரு சாண் நீளம்தான் தெரியும், அடி எங்கே இருக்கிறதென்று தெரியாது. போகிற வழியில் எடுக்கிற புள்ளி அது, யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை.

தரையிலிருந்து படகின் முதுகு வரை ஒன்றரை மீட்டர் இருக்கும். அக்கா, தீவில் மேடு என்று ஒன்று இல்லவே இல்லை. வரைபடம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தை யாராவது மேடு என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? யோசித்துப் பார். நீ ஒரு படகுக்குமேல் வீடு கட்டியிருக்கிறாய். படகு அப்போதே போய்விட்டது.

தம்பி


ஜூலை 30

தம்பிக்கு,

கதை நன்றாக இருக்கிறது. பசி, புதர், அரிவாள். வாத்தியாருக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் நம்பவில்லை. உனக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் செத்தவர்களைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிடுவாய். மட்டக்காரர் போய்விட்டார், பெரியவர் போய்விட்டார், படகும் இல்லை. உன் கதைக்கு நீ மட்டும் சாட்சி. தண்ணீர் என் இரண்டாவது படியில் நின்றது நிஜம்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

இத்தோடு ஒரு பார்சல் வருகிறது. இருபத்தைந்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய். கொத்தனார்கள் மட்டம் பார்க்க என் கடையில் வாங்குவது. இதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர் சொல்லும்.

குழாயில் தண்ணீர் நிரப்பு. குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் பொய் சொல்லும். ஒரு நுனியை நீ பிடி, மறு நுனியை வாத்தியார் பிடிக்கட்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், நடுவில் என்ன மேடு பள்ளம் இருந்தாலும். தண்ணீரிலிருந்து தரைவரை இரண்டு பக்கமும் அள. வித்தியாசம்தான் உயரம். படகுத்துறைத் தூணில் வெள்ளைக் கோடு போட்டு 1.0 என்று எழுதியிருக்கும், அளவைக்காரர்கள் போட்டது. அங்கே தொடங்கு. உன் வீடு வரைக்கும் பதினாறு பதினேழு தடவை நகர்த்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் எழுது. கூட்டு.

இரண்டாவது படி பற்றி: அன்று புயல் வடக்கே முகத்துவாரத்தில் திரும்பிவிட்டது. நேராக வரவில்லை. வந்தால் இரண்டாவது படி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

மூன்று புள்ளி நாலு வந்தால், நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஜென்மத்துக்கும் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். இதை எழுத்தில் தருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

முதல் நாள் குழாயில் குமிழி. வாத்தியார் நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர், ஒரு குழாயை நிமிர்த்திப் பிடிக்கத் தெரியவில்லை. "சார், நீங்க பிடிக்கிற பிடியில கடலே சாஞ்சிடும்" என்று டீசல்காரர் வாங்கிக்கொண்டார். அந்தக் கணக்குப்படி என் வீடு கடலுக்கு அடியில் இருந்தது. மூன்று பேரும் சிரித்தோம்.

இரண்டாம் நாள் சரியாகச் செய்தோம். வெயில் தாழ்ந்து தொடங்கினோம். வலை முற்றம் இருந்த இடத்தைத் தாண்டி, கயிறு திரிக்கிறவர் வீட்டு அடித்தளத்தைத் தாண்டி. ஒவ்வொரு தடவையும் ஐந்து சென்டிமீட்டர், பத்து, சில இடத்தில் ஒன்றுமே இல்லை, ஒரு இடத்தில் இறங்கியது. என் வாசலில் வந்து வாத்தியார் கூட்டினார். இரண்டு தடவை கூட்டினார். அப்புறம் நோட்டை டீசல்காரரிடம் கொடுத்து அவரையும் கூட்டச் சொன்னார்.

ஒன்று புள்ளி ஒன்பது.

அப்போதும் நான் குழாயைத்தான் குறை சொன்னேன். ராத்திரி சமைக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. நீ எழுதிய படகு யாருடையது? நம் அப்பாவுடையது. அதற்கு அன்று காலையில் தார் பூசியது யார்? நான். பாதி பூசிவிட்டு மதியம் வந்து பார்த்தால் தாரில் இரண்டு கால் தடம், நடுவில் சதுரமாக ஒரு பள்ளம். "எந்த எருமை ஏறிச்சு" என்று கத்தினேன். நீ காலை மணலில் தேய்த்துக்கொண்டு நின்றாய். சதுரமாக ஏன் இருக்கிறது என்று அன்று யோசிக்கவில்லை. கோலின் அடி சதுரம், இல்லையா?

அப்போது எனக்கு இருபது வயசு. என் கவனம் உன் காலில் இல்லை. மட்டக்காரர் கருவியை மடக்கிக்கொண்டு வந்து, "இந்தக் கண்ணாடியில எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். காலையிலேர்ந்து நீ தலைகீழா நின்னு தார் பூசிட்டிருந்தே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மறந்தது, அது மறக்கவில்லை.

சரி. நீ சொன்னது நிஜம். இப்போது ஒன்று கேட்கிறேன். வரைபடம் அச்சானபோது உனக்கு இருபது. அந்த இடம் முழுக்க உப்பு வியாபாரிக்குச் சொந்தம். அதை மூன்று மனையாகப் போட்டு, "தீவிலேயே உசரமான இடம், சர்க்கார் வரைபடத்துல பாருங்க" என்று வீடு வீடாகக் காட்டி விற்றுக் கொடுத்தவன் நீ. எனக்கும் உன் அத்தானுக்கும், வாத்தியாருக்கும், டீசல்காரரின் அப்பாவுக்கும். அன்று உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

தெரியும்.

நாலு நாள் இந்த ஒரு வார்த்தைக்கு மேல் எழுத வரவில்லை. எழுதியதெல்லாம் சமாதானமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

உப்பு வியாபாரி என்னைக் கூப்பிட்டு, "மூணு மனையும் போச்சுன்னா கரையில என் கடையில உனக்கு ஒரு இடம்" என்றார். எனக்குத் தீவை விட்டுப் போக வேண்டும். வலை எனக்கு வராது, படகு ஏறினால் வாந்தி. அந்தக் கடை ஒன்றுதான் வழி. வரைபடத்தைக் கையில் கொடுத்தார். பிரித்ததும் அந்த வட்டத்தைப் பார்த்தேன். நான் ஏறி நின்ற இடம் என்று உடனே தெரிந்தது. சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. சர்க்கார் அச்சடித்துவிட்டது, இனி நான் சொன்னால் யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீயும் அத்தானும் வாங்குவீர்கள் என்று நினைக்கவில்லை. நீங்கள் வந்து நின்றபோதாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது மனை உங்களுடையது. அது போனால்தான் கடை.

அந்தக் கடையிலிருந்து வந்ததுதான் எல்லாம். இன்று என் பெயரில் இருக்கிற கிடங்கு, லாரி, உனக்கு அனுப்பிய குழாய் வரைக்கும். இருபது வருஷம் அதை நினைக்கவே இல்லை. உன் இரண்டாவது படி நனைந்த அந்தப் புயலின்போது தண்ணீர் ஏறுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்று நினைத்தேன். அதற்கப்புறம் நினைக்காத காற்றுக் காலம் இல்லை. அத்தான் போனதும் ஹோட்டல்காரன் கதையோடு வந்தது அதற்காகத்தான். அப்படி ஒருத்தனே கிடையாது, அக்கா. பணம் நான் போடுவதாக இருந்தேன். உண்மையைச் சொல்லாமல் உன்னை அங்கிருந்து கிளப்ப எனக்குத் தெரிந்த வழி அது. வியாபாரி மூளை.

என்னைத் திட்டு. எது வேண்டுமானாலும் எழுது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுது. மற்ற இரண்டு பேரிடமும் நானே வந்து சொல்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 11

நீ வர வேண்டாம். உன் கடிதத்தை அவர்கள் இரண்டு பேர் முன்னால் நானே படித்தேன்.

டீசல்காரர், "எங்கப்பா சாகுற வரைக்கும் மேட்டு வீட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டாரு. போகட்டும். நல்லவேளை அவருக்குத் தெரியாது" என்று எழுந்து போய்விட்டார்.

வாத்தியார்தான் உடைந்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் நாலாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு என் வாசலுக்கு வருவார். வரைபடம் படிப்பது எப்படி என்று பாடம். பிள்ளைகளை நிற்க வைத்து, "நீங்க இப்ப தீவோட உச்சியில நிக்கிறீங்க, தெரியுதா?" என்பார். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்து, "தெரியுது சார்" என்பார்கள். "என்ன தெரிஞ்சிருக்கும் அதுகளுக்கு? எல்லாம் மட்டமாத்தானே இருந்திருக்கும். என் முகத்துக்காகச் சொல்லிருக்குங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இரண்டு பேரும் நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதே. எனக்கு எழுதாதே.


செப்டம்பர் 24

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது கடிதம் இல்லை, தகவல்.

நிலஅளவை அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த எண்ணைத் திருத்தச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா முழுதும் படித்தார். "நாற்பத்து நாலு வருஷம் கழிச்சு அளவுக்கோல்காரர் வந்து நான் தப்பாப் பிடிச்சேன்னு சொல்றது இதான் முதல் தடவை" என்றார். பழைய அச்சைத் திருத்த முடியாதாம், மனுவை உன் தீவின் அதிகாரிக்கு அனுப்புகிறார்களாம். அதனால் உன்னிடமிருக்கிற வரைபடம் இனி அங்கே செல்லாது. உனக்குச் சொல்லாமல் செய்யவில்லை என்பதற்காக எழுதுகிறேன்.

செப்டம்பர் 30, வியாழன், கரைப் படகுத்துறையில் என் லாரி நிற்கும். நான் இருக்க மாட்டேன். ஓட்டுநர் நல்லவர், அதிகம் பேச மாட்டார். எங்கே இறக்கச் சொல்கிறாயோ அங்கே இறக்குவார். என் வீட்டுக்குத்தான் என்றில்லை. நீ வராவிட்டால் வெள்ளியும் நிற்கும், சனியும் நிற்கும்.

தம்பி


டிசம்பர் 17

தம்பிக்கு,

சனிக்கிழமை வந்தேன் என்று உன் ஓட்டுநர் சொல்லியிருப்பார். அதிகம் பேச மாட்டார் என்று எழுதியிருந்தாய். வழி முழுக்கத் தன் மச்சினன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

தையற்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு அறை. வாடகை நான் கொடுக்கிறேன், அதில் நீ தலையிடாதே. கீழே தையல் இயந்திரம் நாள் முழுக்க ஓடுகிறது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை அது நின்றால்தான் என்னவோ மாதிரி இருக்கிறது. வாத்தியார் இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். டீசல்காரர் பஸ் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

காற்றுக் காலம் முடிந்தது. நீயும் தினமும் ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். புயல் வரவில்லை. ஒரு பெரிய மழை, அதுவும் இரண்டு நாள். போன வாரம் நாங்கள் மூன்று பேரும் படகு பிடித்துப் பார்க்கப் போனோம். என் வீடு போட்டது போட்டபடி இருந்தது. முதல் படிவரைகூட வெள்ளம் ஏறவில்லை. வாசலில் ஒரு அடி மணல் ஏறியிருந்தது. டீசல்காரர் என்னைப் பார்த்தார். "என்னக்கா, திரும்பி வந்துடலாமா?" என்றார். உன்மேல் எனக்கு வந்த கோபம் அந்த நிமிஷத்தில்தான் அதிகம். இதற்காகவா என்னைக் கிளப்பினாய் என்று.

அவர்களைச் சாமான் எடுக்க அனுப்பிவிட்டு, நான் என் கட்டிலில் மதியம் கொஞ்சம் படுத்தேன். நாற்பது வருஷம் படுத்த இடம். கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை. அலை எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று காது கேட்டுக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் காதில் விழாது. பெரிய காற்றில்கூட உன் அத்தான் குறட்டை விடுவார், நான் அவரை இடித்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன். மூன்று புள்ளி நாலு இருக்கிறது என்ற தைரியம். நாற்பது வருஷம் ஒரு அச்சு மையை நம்பி நன்றாகத் தூங்கியிருக்கிறேன். இனி அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் இல்லை. புயல் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். எழுந்து வந்துவிட்டேன். கதவைப் பூட்டவில்லை, யார் வரப் போகிறார்கள்?

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு வாரம் யோசித்தேன். நீ நிம்மதியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நீ அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுத்தபோது உனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்துதான் கொடுத்தாய், அதனால் எழுதுகிறேன். நீ காட்டுவதற்கு முன்பே அந்த வரைபடம் என்னிடம் இருந்தது. மட்டக்காரர் தபாலில் அனுப்பினார். நடுவில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, "தீவிலேயே உயரமான இடம், நீ தார் பூசிய இடம்" என்று எழுதியிருந்தார். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அத்தானுக்கு ஐஸ் வீட்டுப் பக்கம்தான் மனை பார்க்க ஆசை. மேட்டில்தான் வேண்டும் என்று நான் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தேன். நீ எங்களிடம் வந்து பேசின நாளில் நான் ஏற்கனவே முடிவு பண்ணியிருந்தேன். நீ விற்றதால் நாங்கள் வாங்கவில்லை. மற்ற இரண்டு பேருக்கு நீ விற்றாய், அதற்கு அவர்களிடம் போய்ப் பதில் சொல். எனக்கு நீ விற்கவில்லை.

மட்டக்காரர் பென்சிலில் எழுதியதை உன் அத்தானிடம் காட்டியதில்லை. வரைபடம் அவர் கண்ணில் படும் முன்பே அழித்துவிட்டேன். அழித்த இடத்தில் காகிதம் கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான். தப்பாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் இது உனக்கும் எனக்கும் மட்டும்.

உன் பெண்டாட்டி இரண்டு தடவை அறைக்கு வந்து போனாள், உனக்குத் தெரியாமல். தெரிந்தது மாதிரி காட்டிக்கொள்ளாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள், வருகிறேன். உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. நீயாகப் பேச்சை ஆரம்பிக்காதே. பக்கத்தில் உட்காரு, போதும்.

அக்கா